பாசஞ்சருக்கு முதல் சிக்னல்

கிளியனூரிலிருந்து ஃபோன் வந்தபோது நான் மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். செலின் மேரியின் தம்பி மகள் ஜெனிட்டா பேசினாள். "பெரியம்மா, அத்தை போயிட்டாங்க" என்றாள். நான் "சாப்பிட்டாளா?" என்று கேட்டுவைத்தேன். போய்ச் சேர்ந்தவளைப் பற்றிக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் செலினைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவளுக்குச் சோறு நினைவில் இருக்காது. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

மறுநாள் காலை கிளியனூர் போய் இறங்கினேன். பஸ் நிறுத்தத்திலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். செலின் கண்ணாடி போட்டுக்கொண்டு முறைக்கிற படம். அதன் கீழே 'ஓய்வுபெற்ற கம்ப்யூட்டர் ஆசிரியை' என்று இருந்தது. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய் ஒன்றும் இல்லை. கடைசி இருபது முப்பது வருஷம் திண்டிவனத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைத்தாள். ஆனால் அவள் செய்த காரியம் வேறு. செலின் வீடியோ கேம் எழுதியவள். எண்பதுகளில், விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாத காலத்தில் எழுதியவள். துக்க வீட்டில் போஸ்டர் அடித்தவனிடம் போய்ச் சண்டை பிடிக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். அவளிடம் படித்தவர்கள், அவளோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில், போஸ்டரில் விட்டுப்போனதை எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் ஷார்ட்ஹேண்ட் வகுப்பு எடுத்தேன். செலின் டைப் வகுப்பு எடுத்தாள். நான் திண்டிவனத்தில் குடியிருந்தேன். அவள் கிளியனூரிலிருந்து பஸ்ஸில் திண்டிவனம் வந்து என்னோடு சேர்ந்துகொள்வாள். இருவரும் காலை பாசஞ்சரில் விழுப்புரம் போவோம். அவளுடைய அம்மா அடுத்தவர் நிலத்தில் களை எடுக்கப் போகிறவர். மகள் இஸ்திரி போட்ட புடவை கட்டி ரயிலேறி வேலைக்குப் போவதே அந்த வீட்டுக்குப் பெரிய விஷயம். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாடை மூக்கில் ஏறும்போது எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்போம். எழுந்து என்ன பிரயோஜனம்? விழுப்புரம் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் அவுட்டர் சிக்னலில் வண்டி நின்றுவிடும். ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் அது. பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் பாசஞ்சர் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும்.

செலினுக்கு அது பொறுக்காது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொரிந்துதள்ளுவாள். "கண்ணெதிர்ல டேசன் தெரியுதுக்கா. எறங்கி நடந்தாக்கூட போய்ச் சேர்ந்துடலாம். நம்மள நிக்க வெச்சிட்டு அவன் மட்டும் ஜல்தியா போறான் பாரு." ஒருநாள் எங்கள் பெட்டியில் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆஸ்பத்திரில டோக்கன் குடுத்து முடிச்சிருப்பான்மா. திரும்ப நாளைக்கித்தான் வரணும்" என்று எங்களிடம் சொன்னார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, தினமும் நடக்கிறதுதானே என்கிற மாதிரி சொன்னார். ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போது செலின் சொன்னதை நான் மறக்கவே இல்லை. "எக்ஸ்பிரஸ்ல போறவன் லேட்டானா எவனாச்சும் அவனுக்குப் பதில் சொல்றான். பாசஞ்சர்ல வர்றவங்க லேட்டானா இவங்கதான் போற எடத்துல எல்லாம் பதில் சொல்லிக்கினு நிக்கணும்."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி சுந்தரமூர்த்தி சார் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கம்ப்யூட்டர் என்றால் இப்போது இருக்கிற மாதிரி நினைக்காதீர்கள். கனமான கீபோர்டு ஒன்று, அதற்கு ஒரு டிவி, ஒரு டேப் ரிக்கார்டர், அவ்வளவுதான். பாட்டு கேசட் மாதிரியே கேசட்டில்தான் புரோகிராம் இருக்கும். போட்டால் கீச்சென்று கத்தும். கத்தி முடித்தால் டிவியில் படம் வரும். சார் அந்த அறைக்கு ஜன்னல் திரை போட்டார், செருப்பை வெளியே விடச் சொன்னார், கேசட் ஓடும்போது ஃபேனையும் நிறுத்திவைத்தார். ஆயுதபூஜைக்குக் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்ததில் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டது. செலின்தான் ஈர்க்குச்சியும் பஞ்சும் வைத்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து துடைத்துச் சரிசெய்தாள். "உங்க சரஸ்வதிக்கு எங்க மாதா கைகுடுத்துச்சுன்னு வெச்சிக்கோங்க சார்" என்றாள். அன்றிலிருந்து அந்த அறைச் சாவி அவளிடமே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அந்த அறைக்குள் போய்விடுவாள். மிஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே புரோகிராம் எழுதப் பழகினாள். ரயிலில் வரும்போது பழைய டைப் தாள்களின் பின்பக்கம் எழுதுவாள். மத்தியானம் அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். பாதியில் கரண்ட் போனால் அடித்ததெல்லாம் அழிந்துவிடும். "பேஜாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். அப்படி எழுதி முடித்ததுதான் 'அவுட்டர்'.

கேம் இப்படி இருக்கும். திரையில் ஐந்து தண்டவாளம் வந்து ஒரு ஜங்ஷனில் சேரும். விளையாடுகிறவர்தான் சிக்னல் கேபின்காரர். எல்லாப் பக்கமிருந்தும் வண்டிகள் வந்து அவுட்டரில் நிற்கும். ஒன்றோடு ஒன்று முட்டாமல் ஒவ்வொன்றாக உள்ளே விடவேண்டும். எக்ஸ்பிரஸ் வேகமாக வந்து மினுக்கிக்கொண்டு அவசரப்படுத்தும். ஆனால் அதை உள்ளே விட்டால் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு மார்க், பாசஞ்சரை விட்டால் கிடைக்கும். முதல் திரையில் 'எழுதியவர் செலின் மேரி, கிளியனூர்' என்று ஆங்கில எழுத்தில் வரும். தமிழ் எழுத்து அந்த மிஷினுக்குத் தெரியாது.

விஷயம் பரவி, ஸ்டேஷன் கேபினில் நிஜமாகவே வேலை பார்த்த நாகராஜன் என்பவர் ஒருநாள் விளையாடிப் பார்க்க வந்தார். வேலை முறைப்படி எக்ஸ்பிரஸையெல்லாம் முதலில் விட்டார், மார்க் போதாமல் தோற்றார். மறுபடி ஆடினார், மறுபடி தோற்றார். முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா இது, ரூலே தப்பா இருக்கு! எக்ஸ்பிரஸ்தாம்மா ஃபர்ஸ்ட்டு!" என்று கத்தினார். செலின் அசரவில்லை. "அந்த ரூல எழுதுனவன் எக்ஸ்பிரஸ்ல போறவன் சார். இது நான் எழுதுனது" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் திரும்பவும் வந்து விளையாடினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பாண்டிச்சேரியில் பொருட்காட்சி பார்க்கப் போனோம். அங்கே ஒரு வீடியோ கேம் ஸ்டால். ஒரு டிவியைச் சுற்றி நல்ல கூட்டம். எட்டிப் பார்த்தேன். ஐந்து தண்டவாளம், நடுவில் ஜங்ஷன். அசல் விழுப்புரம்! ஆனால் திரையில் லண்டன் என்று இருந்தது. செலின் பாண்டிச்சேரி லைன், காட்பாடி லைன் என்று போட்டிருந்த இடத்தில் ஏதேதோ வெள்ளைக்காரன் ஊர்ப் பேர். செலின் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் உட்கார்ந்து, அவுட்டரில் நின்ற உள்ளூர் வண்டியை முதலில் உள்ளே விட்டாள். மூன்று மடங்கு மார்க் ஏறியது. திரும்பி என்னைப் பார்த்தாள். "நம்ம பாசஞ்சர்தாங்கா" என்றாள். கண் நிறைந்திருந்தது. முதல் திரையில் அவள் பேர் இருந்த இடத்தில் ஒரு மெட்ராஸ் கம்பெனியின் பேர் இருந்தது.

மறுநாள் சாரிடம் கேட்டோம். அவர் எதையும் மறைக்கவில்லை. மிஷின் சர்வீஸுக்கு வந்த அந்த மெட்ராஸ் கம்பெனி ஆள் கேசட்டைக் கேட்டிருக்கிறான், இவரும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். "நல்லாருக்குன்னு கேட்டான்மா, குடுத்தேன். ரெண்டே நாள்ல பத்திரமா திருப்பிக் குடுத்துட்டானே!" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்தில் பாட்டு கேசட்டை யார் கேட்டாலும் கொடுப்போம். ரிக்கார்டிங் சென்டரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். கேசட் கைக்கு வந்துவிட்டால் எதுவும் குறையவில்லை என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். கேசட் வீட்டில் இருக்கும்போதே உள்ளே இருப்பது களவு போகும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

திண்டிவனத்தில் காதர் பாய் என்ற வக்கீலிடம் அவளை அழைத்துப்போனேன். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர். தடியான புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சட்டத்தை இப்பத்தான் திருத்தியிருக்காங்க. கம்ப்யூட்டர் புரோகிராமும் எழுத்துப் படைப்புன்னு போட்டுருக்கு. கதை, கவிதை எழுதறவங்களுக்கு என்ன காப்பிரைட்டோ அதே காப்பிரைட்டு உனக்கும்." செலின் நம்பவில்லை. "அப்ப நான் எழுத்தாளியா சார்?" என்று கேட்டாள். "சட்டப்படி எழுத்தாளிதான்" என்றார். நான் குறுக்கே புகுந்து, மிஷின் முதலாளியுடையதாயிற்றே என்று கேட்டேன். "உன்ன அவரு வேலைக்கு வெச்சது டைப் சொல்லிக்குடுக்க. சாப்பாட்டு நேரத்துல நீ எழுதுனது உன்னுது. பேனா எரவல் குடுத்தவன் கதைக்குச் சொந்தக்காரன் ஆயிடுவானா?" என்றார் வக்கீல். படியிறங்கும்போது செலின் நிமிர்ந்து நடந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

வக்கீல் நோட்டீஸ் போனதும் கம்பெனியிலிருந்து நேரில் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். இருவரும் மெட்ராஸ் போனோம். மேனேஜர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், காப்பி வரவழைத்தார். "நீங்க எழுதினதுன்னு நான் எப்படிம்மா நம்பறது?" என்று கேட்டார். செலின் திருப்பிக் கேட்டாள்: "உங்க கேமுல லோக்கல் வண்டிக்கு எதுக்கு சார் மூணு மடங்கு மார்க்கு?" மேனேஜர் புரோகிராம் பார்க்கிறவரை உள்ளேயிருந்து கூப்பிட்டுக் கேட்டார். "அது ஏதோ தப்பு சார். நாங்க பேரைத்தான் மாத்தினோம், அதைத் தொடல. கஸ்டமருங்க கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க, சரிபண்ணணும்" என்றார் அவர். "தப்பு இல்ல. நான்தான் வெச்சேன்" என்று செலின் சொன்னாள். அவுட்டரைப் பற்றிச் சொன்னாள், டோக்கன் கிடைக்காத பெரியவரைப் பற்றிச் சொன்னாள். மேனேஜர் கேட்டு முடித்து, "சரிம்மா, நீங்கதான் எழுதியிருக்கீங்க. சண்டை வேணாம். எங்களுக்குக் கேம் எழுதற ஆள் வேணும், நீங்களே வந்துடுங்க" என்றார்.

சம்பளம் சொன்னார். அவளுடைய அம்மா இனிமேல் களைக்குப் போகவேண்டாம் என்கிற அளவுக்கு இருந்தது. இந்தக் கேமைப் புதிதாகப் போடும்போது முதல் திரையில் அவள் பேரையே போடுவதாகவும் சொன்னார். அப்புறம் அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். "அந்த மார்க்கை மட்டும் மாத்திடுங்க. எக்ஸ்பிரஸுக்குத்தானே அதிகம் இருக்கணும்? வாங்கறவங்களுக்கு அதான் புரியும்."

செலின் "மாத்தலைன்னா?" என்றாள்.

"மாத்தலைன்னா பேர் போட முடியாதும்மா. தப்புன்னு எல்லாரும் சொல்ற கேமை எங்க ஆள் எழுதினதுன்னு எப்படிப் போடறது? பேர் இல்லாம அது பாட்டுக்கு ஓடிட்டுப் போகட்டும். வேலை எப்படியும் உங்களுக்கு உண்டு."

மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். ஒப்புக்கொள் என்று அர்த்தம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அத மாத்திட்டா அது நான் எழுதுனதே இல்ல சார். அப்புறம் அதுல என் பேரு எதுக்கு? பேர உட்டுடுங்க. பாசஞ்சர நிறுத்தாதீங்க" என்றாள்.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேம் கம்பெனிக்குச் சொந்தம், பேர் வராது, மார்க்கை யாரும் எப்போதும் மாற்றக்கூடாது.

திரும்பி வரும்போது ஒலக்கூரில் பாசஞ்சரை ஓரங்கட்டிப் போட்டார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொங்கிவிட்டது. "லூசாடி நீ? பேருக்காகத்தானே வக்கீல் வீட்டுப் படி ஏறினோம்? ஊர் ஊரா உன் பேரு டிவில வந்திருக்கும்! உங்கம்மா பாத்திருப்பாங்க!" என்று பெட்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவளும் அழுதாள். அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுத்தாளின்னு பாய் சொன்னாரு இல்லக்கா? எழுதுனத காப்பாத்துனாத்தான் எழுத்தாளி" என்றாள். எக்ஸ்பிரஸ் தடதடவென்று எங்களைத் தாண்டிப் போனது. "போறான் பாரு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், அவள் செய்தது சரி என்று சொல்ல இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.

அம்மாவிடம் வேலையைப் பற்றிச் சொன்னபோது நானும் இருந்தேன். "வெளையாட்டு எழுதுறதுக்கா சம்பளம் குடுக்கறான்? பாத்து இருடி, ஏமாத்திடப் போறான்" என்றார் அந்த அம்மா. கம்பெனியில் சில வருஷம் இருந்தாள். நிறைய எழுதினாள். எதிலும் பேர் கிடையாது. ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்குப் போட்டுக்காட்டுவாள். எதில் பார்த்தாலும் கடைசியில் வருகிறவருக்கு ஒரு சலுகை வைத்திருப்பாள். படகு ஓட்டுகிற கேமில்கூட ஓட்டைப் படகுக்குத்தான் முதலில் கரை.

எண்பதுகள் முடியும்போது வெளிநாட்டுக் கேம்களின் திருட்டுப் பிரதிகள் கடைக்குக் கடை வந்துவிட்டன. இவள் எழுதியதை வாங்க ஆளில்லை. கம்பெனி கேம் பிரிவையே இழுத்து மூடியது. "நல்லா வேணும் அவனுங்களுக்கு" என்றேன் நான். செலின் அதை ஏற்கவில்லை. "அந்த வெளிநாட்டுக் கேமையும் எவனோ சோறு தின்னாம ஒக்காந்துதான் எழுதியிருப்பான். அவன் பேரும் யாருக்கும் தெரியலையேக்கா" என்றாள். திண்டிவனம் வந்து வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். அவள் வகுப்பில் யாராவது அடுத்தவர் புரோகிராமைப் பிரதி எடுத்தால் எழுந்து நிற்கவைத்து, "எழுதுனவங்க பேரச் சொல்லு" என்பாள். வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இனி அடக்கத்தன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குக் கிளம்பினோம். பாண்டிச்சேரி ரோட்டைத் தாண்டவேண்டும். கார்கள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. பெட்டியைத் தூக்கியவர்கள் ரோட்டோரம் வெயிலில் நின்றார்கள். பாதிரியார் நின்றார், நாங்களெல்லாம் நின்றோம். ஒரு வண்டியும் நிற்கவில்லை. "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, போவட்டும்" என்றார் யாரோ. எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ! முட்டிவலியை மறந்து நடுரோட்டில் இறங்கி இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். "நிறுத்துய்யா! எங்காளு மொதல்ல போவணும்!" பெரிய கார் ஒன்று கிறீச்சென்று நின்றது. பின்னால் வரிசையாக எல்லாம் நின்றன. செலின் முதலில் போனாள்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். மூன்று மடங்கு மார்க்கை அவள் காப்பாற்றிக்கொண்டாள். அதற்காக விட்டுக்கொடுத்த பேரை நான் இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனியிடமும் நான் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. அதனால் இங்கே தாராளமாகப் போடலாம், அதுவும் தமிழ் எழுத்திலேயே.

அவுட்டர். எழுதியவர் செலின் மேரி, கிளியனூர்.